900 கிராம் பொருளுக்கு 13 கிலோ பில்

அந்த லேம்ப்ஷேடின் எடை 900 கிராம். தராசில் வைத்து நானே பார்த்தது. அட்டைப்பெட்டி, உள்ளே திணிக்கும் காகிதம், டேப் எல்லாம் சேர்த்தாலும் ஒன்றரை கிலோவைத் தாண்டாது. மாதக் கடைசியில் வந்த கூரியர் பில்லில் அந்தப் பார்சலுக்கு நேராக 13 கிலோ என்று இருந்தது. 1.3 என்று அடிக்க வந்தவர் புள்ளியை விட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டு போன் செய்தேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாக, "பெட்டி அளவு என்னங்க?" என்று கேட்டார். நீளம், அகலம், உயரம் மூன்றும் 40 சென்டிமீட்டர் என்றேன். "அப்ப பில் சரிதாங்க. 12.8 வருது, முழு கிலோவாக்கி 13 போடுவோம்."

அந்த வாடிக்கையாளரிடம் நான் வசூலித்திருந்தது, ஒரு புக்மார்க் வாங்குபவரிடம் வாங்கும் அதே டெலிவரி கட்டணம். கடை முழுவதற்கும் ஒரே கட்டணம் என்று வைத்திருந்தேன். அது நியாயமானது என்றும் எளிமையானது என்றும் நம்பிக்கொண்டிருந்தேன். எளிமையானது என்பது மட்டும் உண்மை.

என் ஆன்லைன் கடை சிறியது. புக்மார்க், நோட்டுப் புத்தகம், சுருட்டி அனுப்பும் ஓவியப் பிரதிகள், பீங்கான் குவளை, புத்தகங்கள் சாயாமல் நிற்க இரண்டு பக்கமும் வைக்கும் இரும்புத் தாங்கிகள், கடைசியாகச் சேர்ந்த காகித லேம்ப்ஷேடுகள். அனுப்பும் விஷயத்தில் இவற்றில் ஒன்றும் இன்னொன்றைப் போல இல்லை. புக்மார்க் சாதாரண உறையில் போய்விடும். இரும்புத் தாங்கி கைக்கு அடக்கம், ஆனால் ஒரு ஜோடி 2.4 கிலோ. லேம்ப்ஷேட் வெறும் காற்று.

கூரியர்காரர்கள் காற்றுக்கும் காசு வாங்குவார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்தால் வருவதை வால்யூமெட்ரிக் வெயிட் என்கிறார்கள். அதையும் தராசு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குப் பில். 40 × 40 × 40 என்றால் 64,000. வகுத்தால் 12.8. இரும்புத் தாங்கியின் பெட்டி 20 × 15 × 12, அதாவது 3,600. வகுத்தால் 0.72 தான் வருகிறது, ஆகவே அங்கே தராசு எடையான 2.4 ஜெயிக்கிறது.

அந்த 5000 எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். ஒரு கன மீட்டரில் பத்து லட்சம் கன சென்டிமீட்டர். 5000 ஆல் வகுத்தால் 200 கிலோ. அதாவது, என் வண்டியில் ஒரு கன மீட்டர் இடத்தை நீ எடுத்துக்கொண்டால், உள்ளே 200 கிலோவாவது இருந்ததாக நான் எடுத்துக்கொள்வேன் என்கிறார் கூரியர்காரர். தண்ணீர் கன மீட்டருக்கு 1000 கிலோ. தண்ணீரின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத பார்சல் எல்லாம் அளவுக்கணக்கில் மாட்டும். விமானச் சரக்கில் பொதுவாக 6000 ஆல் வகுப்பார்கள், அப்போது எல்லைக்கோடு சுமார் 167 கிலோவுக்கு இறங்குகிறது. பேக் செய்த என் லேம்ப்ஷேட் கன மீட்டருக்கு 25 கிலோகூட இல்லை. எந்த வகுஎண் வந்தாலும் தப்பிக்க வழியில்லை.

ரொம்ப நாள் இது விமானத்தில் போகும் சரக்குக்கும் மிகப்பெரிய பெட்டிகளுக்கும் உரிய விதியாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் தரைவழிப் பார்சல்களில் மூன்று கன அடிக்கும் குறைவானவற்றை இதிலிருந்து விட்டுவைத்திருந்தார்கள். 2014 டிசம்பர் கடைசியில் யூபிஎஸ், 2015 ஜனவரி முதல் ஃபெடெக்ஸ், இரண்டு நிறுவனங்களும் எல்லாத் தரைவழிப் பார்சலுக்கும் இதை விரித்துவிட்டன. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆன்லைன் வியாபாரம் வளர வளர, எடை இல்லாத பெரிய பெட்டிகள் வண்டியை அடைத்துக்கொண்டன. வண்டியில் எடை ஏறும் முன்பே இடம் தீர்ந்துவிடுகிறது.

சரி, பில்லைக் கட்டினேன். அப்புறம் நான் செய்த முதல் வேலை தப்பான வேலை.

எல்லாப் பொருளுக்கும் தனித்தனிக் கட்டணம் போட உட்கார்ந்தேன். என் கடை ஓடுவது வூகாமர்ஸ் என்ற ஆன்லைன் கடை மென்பொருளில். அதில் பொருள்களை ஷிப்பிங் கிளாஸ் என்ற குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தொகை வைக்கலாம். பெயரைப் பார்த்ததும் நான் பொருள் வகைகளையே குழுக்களாக்கிவிட்டேன். சிறிய நோட்டு, பெரிய நோட்டு, குவளை, ஜோடிக் குவளை, சின்ன லேம்ப்ஷேட், பெரிய லேம்ப்ஷேட் என்று பதினான்கு குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் தொகை கணக்கிட ஒரு வார மாலை போனது. முடித்தபோது பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு மின்னஞ்சல். "ஒரு புக்மார்க்குக்கு டெலிவரி இவ்வளவா? நீங்களே நேரில் கொண்டுவந்து கொடுப்பீர்களா?" என்று கேட்டிருந்தார். பார்த்தால், பழைய பொதுக் கட்டணத்தை நான் அழிக்கவே இல்லை. மேலே உள்ள பொதுத் தொகைக் கட்டத்தில் 15 அப்படியே இருந்தது. கீழே புக்மார்க் குழுவுக்கு 5 போட்டிருந்தேன். குழுவுக்குத் தனித்தொகை வைத்தால் பொதுத்தொகை தானாக விலகிவிடும் என்பது என் நினைப்பு. விலகாது. இரண்டும் கூடும். புக்மார்க்குக்கு 20 வந்துகொண்டிருந்தது, முன்பைவிட அதிகமாக. (எண்களை மட்டும் சொல்கிறேன். எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.)

பொதுத்தொகையைப் பூஜ்யமாக்கினேன். குழு எதிலும் சேராத பொருளுக்கு என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதிலும் ஒரு தொகை போட்டேன். அது காலியாக இருந்தால், அவசரத்தில் நாம் குழு போட மறந்த பொருள் இலவசமாகவே ஊர் சுற்றும். இதுவும் பட்டுத்தான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டு அந்த வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பினேன். வேண்டுமானால் நேரிலேயே வருகிறேன் என்றும் எழுதினேன். அவர் சிரிப்பு முகம் ஒன்றை அனுப்பினார், அவ்வளவுதான்.

இரண்டாவது இடி எண்ணிக்கையில் விழுந்தது. ஒருவர் மூன்று லேம்ப்ஷேட் வாங்க வந்து, கட்டணத்தைப் பார்த்துவிட்டு, வாங்காமல் போய்விட்டு, பிறகு காரணத்தையும் எழுதினார். இப்படி எழுதுகிறவர்கள் தெய்வங்கள். மற்றவர்கள் சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள். நான் ஒரு லேம்ப்ஷேடுக்கு 60 என்று வைத்து, அதை எண்ணிக்கையால் பெருக்கச் சொல்லியிருந்தேன். மூன்றுக்கு 180. பொருளின் விலையை நெருங்கிவிட்டது.

இதைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தபோது, பேக்கிங் மேசையில் இருந்த என் தங்கை திரும்பிப் பார்த்தாள். கடையில் நான் கணினி, அவள் டேப்பும் கத்தரியும். "அக்கா, மூணையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா சொருகித்தான அனுப்புவேன்? ஒரே பெட்டி" என்றாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள். "எனக்கு மொத்தமே நாலு சைஸ்தான் இருக்கு, உறை, குழாய், சின்னப் பெட்டி, பெரிய பெட்டி. நீ எதுக்கு பதினாலு கட்டணம் வச்சிருக்க?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் இல்லை.

லேம்ப்ஷேட் கூம்பு வடிவம். காகிதக் கோப்பைகளைப் போல ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். இரண்டாவதைச் சேர்த்தால் பெட்டியின் உயரம் ஏழரை சென்டிமீட்டர் கூடுகிறது, மூன்றாவதுக்கு இன்னொரு ஏழரை. 40 × 40 × 55 என்றால் 88,000. வகுத்தால் 17.6, பில்லில் 18 கிலோ. நான் பெருக்கியதோ 39 கிலோவுக்கான கணக்கு. கூரியருக்கு நான் கொடுக்கப் போவதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலாக அந்த மனிதரிடம் கேட்டிருக்கிறேன்.

கடை மென்பொருளுக்குப் பொருள் மட்டும்தான் தெரியும். கூரியருக்குப் பெட்டி மட்டும்தான் தெரியும். நடுவில் தங்கை மாதிரி ஒருவர் பொருளைப் பெட்டியாக மாற்றுகிறார், அந்த மாற்றம் எந்தத் திரையிலும் பதிவாவதில்லை. பதினான்கு குழுக்களையும் அன்று மாலையே அழித்தேன். புதிதாக நான்கு போட்டேன். பெயரையும் பொருளை வைத்து இல்லாமல் உறை, குழாய், சின்னப் பெட்டி, பெரிய பெட்டி என்றே வைத்தேன். பெயரில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் புதிய பொருள் ஒன்றைக் கடையில் ஏற்றும்போது "இது என்ன வகை?" என்ற கேள்வி போய் "இது எதில் போகும்?" என்ற கேள்வி வருகிறது. முதல் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம். இரண்டாவதுக்குத் தங்கையைத்தான் கேட்க வேண்டும், அதுதான் சரியும்கூட.

பெரிய பெட்டிக்கு இப்போது இருப்பது: முதல் லேம்ப்ஷேடுக்கு 60, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 12. மூன்று வாங்கினால் 84. பில் 13 கிலோவிலிருந்து 18 ஆகும்போது ஏறத்தாழ 1.4 மடங்கு, 60 இலிருந்து 84 ஆவதும் 1.4 மடங்கு. தொகைக் கட்டத்தில் வெறும் எண் மட்டும் இல்லாமல் சின்னச் சூத்திரமும் எழுதலாம் என்பதால் இது முடிகிறது. எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து 12 ஆல் பெருக்கி 60 ஐக் கூட்டு, அவ்வளவே. குழுவுக்கான கட்டத்தில் எழுதினால், எண்ணிக்கை என்பது அந்தக் குழுவில் உள்ள பொருள்களின் எண்ணிக்கை மட்டும். மேலே பொதுக்கட்டத்தில் எழுதினால் கூடையில் உள்ள மொத்தப் பொருள்களும். இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதினால், இருபது புக்மார்க் வாங்குபவர் இருபது லேம்ப்ஷேடுக்கான காசைக் கட்டுவார்.

பொருளை எண்ணுவதா, எடையைப் பார்ப்பதா என்ற இந்தக் குழப்பம் புதிதல்ல. 1840 க்கு முன் பிரிட்டனில் கடிதத்துக்குத் தபால் கட்டணத்தைத் தாளின் எண்ணிக்கையையும் போகும் தூரத்தையும் வைத்துத்தான் போட்டார்கள். உறை போட்டால் அதுவும் ஒரு தாள். ஆகவே மக்கள் உறையே போடாமல் தாளை மடித்து ஒட்டினார்கள். ஒரே தாளில் நேராக எழுதி முடித்து, தாளைத் திருப்பி, எழுதியதன் மேலேயே குறுக்காகவும் எழுதினார்கள். வாசித்தவர்கள் பாவம். தபால் முறையைச் சீர்திருத்தப் போராடிய ரோலண்ட் ஹில் கணக்குப் போட்டுப் பார்த்து, கடிதத்தைத் தூரம் கொண்டுபோக ஆகும் செலவு அற்பம், வாங்கிப் பிரித்துக் கணக்கெழுதிக் கொடுப்பதில்தான் செலவு என்று காட்டினார். 1840 ஜனவரி 10 முதல் நாட்டுக்குள் எங்கே போனாலும் அரை அவுன்ஸ் வரை ஒரு பென்னி என்று ஆனது. ஒரே கட்டணத்துக்கு ஆதரவாக வாதாடுகிறவர்கள் இதை உதாரணம் காட்டலாம். ஆனால் ஹில்லின் ஒரே கட்டணம் செல்லுபடியானது, எல்லாக் கடிதமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்ததால்தான். என் கடை வெறும் புக்மார்க்கும் நோட்டும் விற்ற காலத்தில் ஒரே கட்டணம் எனக்கும் ஒழுங்காகவே ஓடியது. லேம்ப்ஷேட் வந்த அன்றுதான் கெட்டது. அதற்குப் பிறகு ஒரே கட்டணம் என்றால், புக்மார்க் வாங்குபவர்கள் எல்லாம் சேர்ந்து லேம்ப்ஷேட் வாங்குபவரின் கூரியர் பில்லைக் கட்டுகிறார்கள் என்று அர்த்தம். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கலந்து வாங்குபவர்கள்தான் எனக்கு இன்னும் தீராத தலைவலி. லேம்ப்ஷேடும் புக்மார்க்கும் ஒரே கூடையில் வந்தால் என்ன செய்வது? வூகாமர்ஸ் இரண்டு வழி தருகிறது. ஒவ்வொரு குழுவின் தொகையையும் கூட்டலாம். அல்லது கூடையில் இருப்பதிலேயே அதிகமான குழுத்தொகை எதுவோ, அதை மட்டும் வாங்கலாம். புக்மார்க்கைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் நியாயம், ஏனென்றால் அது லேம்ப்ஷேடோடு பெரிய பெட்டிக்குள்ளேயே போய்விடும், தனி உறை கிடையாது. ஆனால் லேம்ப்ஷேடும் இரும்புத் தாங்கியும் சேர்ந்து வந்தால்? ஒரே பெட்டியில் போட்டால் போய்ச் சேரும்போது லேம்ப்ஷேட் அப்பளம். இரண்டு பெட்டி போட்டே ஆகவேண்டும், அப்போது கூட்டுவதுதான் நியாயம். ஒரே அமைப்பில் இரண்டும் முடியாது. கூட்டினால் புக்மார்க்காரருக்கு அநியாயம், கூட்டாவிட்டால் எனக்கு நஷ்டம்.

பழைய ஆர்டர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். லேம்ப்ஷேடோடு சின்னச் சாமான் சேர்த்து வாங்கியவர்கள் நிறைய. லேம்ப்ஷேடும் இரும்பும் சேர்த்து வாங்கியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதிகமான தொகை மட்டும் என்ற வழியைத் தேர்ந்தெடுத்தேன். எப்போதாவது வரும் இரண்டு பெட்டி ஆர்டரில் எனக்கு அடி. வாங்கிக்கொள்கிறேன். இந்த முடிவை யாரும் கண்ணை மூடிக்கொண்டு காப்பி அடிக்க வேண்டாம், உங்கள் கூடைகள் வேறு மாதிரி இருக்கலாம். ஷாப்பிஃபை என்ற இன்னொரு ஆன்லைன் கடைத் தளத்தில் கடை வைத்திருக்கும் தோழி ஒருத்திக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. அங்கே பொருள்களைத் தனித்தனி ஷிப்பிங் ப்ரொஃபைலில், அதாவது தனித்தனிக் கட்டணத் தொகுப்பில் வைத்தால், கலந்த கூடைக்கு அவற்றின் கட்டணங்கள் கூடித்தான் வரும். அதனால் அவள் ப்ரொஃபைல்களை முடிந்தவரை குறைத்து, ஒரே ப்ரொஃபைலுக்குள் எடைவாரியாகக் கட்டணம் வைத்திருக்கிறாள். பெரிய சாமானுக்குத் தராசு எடையைப் போடாமல், பெட்டியின் வால்யூமெட்ரிக் எடையையே பொருளின் எடையாகப் பதிந்துவிட்டாள். கேட்டதும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், மென்பொருளுக்குப் பெட்டியைப் புரியவைக்க அதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தோன்றவில்லை.

எடைவாரிக் கட்டணம் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எடைக் கட்டம் காலியாக இருக்கும் பொருளை மென்பொருள் பூஜ்ய கிலோவாக எடுத்துக்கொள்ளும். உங்கள் கடையின் கனத்த பொருள்தான் அப்படிக் காலியாக இருக்கும். எப்படியோ அப்படித்தான் அமைகிறது.

இடத்தைப் பொறுத்து மாறும் கட்டணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஒரே ஒரு பொறியைத் தவிர. 2016 இல் வந்த 2.6 பதிப்பிலிருந்து வூகாமர்ஸில் ஸோன் என்ற ஏற்பாடு இருக்கிறது. வாங்குபவரின் முகவரியை மேலிருந்து கீழாக ஒவ்வொரு ஸோனோடும் பொருத்திப் பார்த்து, முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். நான் "நாடு முழுவதும்" என்பதை மேலேயும், கூரியர் கூடுதலாக வாங்கும் தீவு, மலைப்பகுதி அஞ்சல் குறியீடுகளைக் கீழேயும் வைத்திருந்தேன். கீழே உள்ளதை அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குறுகலான இடம் மேலே, பரந்த இடம் கீழே, இவ்வளவுதான் விஷயம். நான் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட காலத்தை இங்கே எழுதப்போவதில்லை.

இலவச டெலிவரிக்கு வருவோம். இதில் ஆசை காட்டாத கடைக்காரர் கிடையாது. 2005 பிப்ரவரியில் அமேசான் ப்ரைமைத் தொடங்கி ஆண்டுச் சந்தாவுக்கு இரண்டு நாள் டெலிவரி கொடுத்ததிலிருந்து, டெலிவரிக்குத் தனியாகக் கேட்பதே ஏதோ குற்றம் போல ஆகிவிட்டது. நானும் ஒரு குறைந்தபட்சத் தொகை வைத்து, அதற்கு மேல் வாங்கினால் இலவசம் என்று போட்டேன். நோக்கம், இரண்டு நோட்டு வாங்குபவர் நான்காக வாங்க வேண்டும் என்பது. நடந்தது வேறு. என் கடையிலேயே விலை அதிகமான பொருள் லேம்ப்ஷேட். ஒன்றே ஒன்று எடுத்தாலும் அந்தத் தொகையைத் தாண்டிவிடும். அனுப்புவதற்கு எனக்கு அதிகம் செலவாகும் பொருளைத் தேடிப் பிடித்து, அதை மட்டும் இலவசமாக அனுப்பும் ஏற்பாட்டை நானே கட்டி வைத்திருக்கிறேன்.

வூகாமர்ஸின் இலவச டெலிவரி முறை கூடையின் தொகையையும் கூப்பனையும் பார்க்கும், பெட்டியைப் பார்க்காது. பெரிய பெட்டிக் குழு கூடையில் இருந்தால் இலவசத்தை மறை என்று சொல்லத் தனியாக ஒரு ப்ளக்இன், அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள், போட வேண்டியிருந்தது. கூப்பனிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தள்ளுபடிக்கு முன்பு இருந்த தொகையைப் பார்ப்பதா, பின்பு இருப்பதைப் பார்ப்பதா என்பதற்கு அங்கே ஒரு டிக் இருக்கிறது. அதைத் தொடாமல் விட்டால் தள்ளுபடி போன பிறகுள்ள தொகையைத்தான் பார்க்கும். கூப்பன் போட்டதும் "இலவசம்" மறைந்து போவதைக் கண்டு கோபப்படுகிறவரிடம் விளக்கிப் பயனில்லை. நான் டிக் போட்டுவிட்டேன்.

டெலிவரியைப் பொருளின் விலையிலேயே ஏற்றிவிட்டு எல்லாவற்றுக்கும் இலவசம் என்று போட்டால் என்ன என்று கேட்பார்கள். ஒரே ஒரு பொருளை வாங்கிப்போகும் கடைக்கு அது சரியாக வரும். ஆறு நோட்டு வாங்குபவர் ஆறு முறை டெலிவரி கட்டுவது என்னால் ஏற்க முடியாதது. மூன்று லேம்ப்ஷேட் கதையை விலைக்குள் ஒளித்து வைத்த மாதிரிதான் அது.

இப்போது தொகைகளை எப்படி முடிவு செய்கிறேன் என்றால், ஒவ்வொரு ஆர்டரிலும் ஈடுகட்டப் பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை பில்லை வைத்துக்கொண்டு, நான்கு பெட்டிக்கும் தனித்தனியாக, வசூலானது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று எழுதுகிறேன். உறையில் கொஞ்சம் மிஞ்சுகிறது என்றால் உறைத்தொகையைக் குறைக்கிறேன். அந்த மிச்சத்தை எடுத்துப் பெரிய பெட்டியின் ஓட்டையை அடைக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். அடைத்தால் மறுபடி பழைய ஒரே கட்டணம்தான், கொஞ்சம் ஒப்பனையோடு.

ஒருமுறை பெரிய பெட்டிக் கணக்கில் மட்டும் தொடர்ந்து துண்டு விழுந்தது. பில்லில் 13 க்குப் பதில் 15 கிலோ என்று பல பார்சல்கள். பார்த்தால், காகிதத்தை அதிகமாகத் திணித்து மூடியதில் பெட்டி வயிறு புடைத்திருக்கிறது. மூன்று பக்கமும் இரண்டிரண்டு சென்டிமீட்டர். அளக்கும் இயந்திரத்துக்கு அது 42 × 42 × 42, அதாவது 74,088, வகுத்தால் 14.8. கால்படி காகிதத்துக்கு இரண்டு கிலோ அபராதம். தங்கையிடம் சொன்னபோது, "உடைஞ்சா என்னத் திட்டுவ, உடையாட்டியும் திட்டுறியா?" என்றாள். நியாயமான கேள்வி. கடைசியில் கொஞ்சம் தடித்த அட்டையில் பெட்டி மாற்றினோம், திணிப்பது குறைந்தது.

மாற்றங்களைச் சோதிக்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். தொகையை மாற்றிவிட்டுக் கடையைத் திறந்து பார்த்தால் சில சமயம் பழைய கட்டணமே நிற்கும், ஏனென்றால் கணக்கிட்டதை அது ஞாபகம் வைத்திருக்கிறது. ஷிப்பிங் அமைப்புகளில் பிழை தேடுவதற்கென்று டீபக் மோட் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடும், எந்த ஸோன் பொருந்தியது என்பதையும் மேலே காட்டும். வேலை முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் வாடிக்கையாளரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு வந்த மின்னஞ்சல்களில் "இந்த ஸோன் என்றால் என்ன?" என்பதும் ஒன்று.

இவ்வளவுக்குப் பிறகும் லேம்ப்ஷேடின் டெலிவரி கட்டணம் அதிகம்தான். அதை ஒளிக்காமல், பொருளின் பக்கத்திலேயே, படத்துக்குக் கீழே, "இது 40 செ.மீ. பெட்டியில் வரும், டெலிவரி 60, கூட வாங்கும் ஒவ்வொன்றுக்கும் 12" என்று எழுதிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் காட்டி அதிரவைப்பதைவிட முதல் பக்கத்தில் சொல்லி முகம் சுளிக்கவைப்பது மேல். விற்பனை படுத்துவிடும் என்று பயந்தேன். ஒற்றை லேம்ப்ஷேட் வாங்குவது குறைந்தது, இரண்டாக வாங்குவது கூடியது. கட்டணத்தைப் படித்துவிட்டு, 12 தானே என்று இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் லேம்ப்ஷேட் செய்து தருபவர் ஒரு கைக்குடையைக் கொண்டுவந்து காட்டினார். அழகான குடை. மரக் கைப்பிடி, நீளம் 95 சென்டிமீட்டர், மடங்காது. எனக்கு உடனே பிடித்துவிட்டது, விலை எவ்வளவு வைக்கலாம் என்று மனதுக்குள் ஓட ஆரம்பித்தது. தங்கை குடையை வாங்கி மேசைமேல் படுக்கவைத்து அளவு டேப்பை எடுத்தாள். உறையில் போகாது. எங்கள் குழாய் 60 சென்டிமீட்டர், அதிலும் போகாது. பெரிய பெட்டியில் மூலைக்கு மூலை குறுக்காக நிறுத்திப் பார்த்தாள், கைப்பிடி ஒரு சாண் வெளியே நின்றது. நீளமான பார்சலுக்குக் கூரியர் தனியாக ஏதோ சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். குடை இப்போது கதவுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது. ஐந்தாவது பெட்டிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.